தொண்டுக்காக முதல் மாரத்தான்: பணத்தைத் தீபாவளிக்குள் முடியுங்கள்

மும்பை மாரத்தான் வழக்கமாக ஜனவரி மூன்றாம் ஞாயிறு நடக்கிறது. தொண்டு நிறுவனங்களுக்காக நிதி திரட்டுபவர்களுக்கு அதில் தனி பிப் (சட்டையில் குத்திக்கொள்ளும் ஓட்ட எண் அட்டை) உண்டு. சென்னையிலிருந்து தயாராகிறவர் 18 வாரம் பின்னோக்கி எண்ணினால் செப்டம்பர் நடுவில் வந்து நிற்பார். அப்படியென்றால் பயிற்சியின் கடினமான பகுதி முழுக்க வடகிழக்குப் பருவமழையில்தான். பலர் பணம் கேட்கும் வேலையையும் டிசம்பருக்குத் தள்ளிவைத்து, 30 கிலோமீட்டர் ஓடிய களைப்போடு உட்கார்ந்து வாட்ஸ்அப் அனுப்பிக்கொண்டிருப்பார்கள். அதில் இரண்டு வேலையும் கெடும். தீபாவளிக்குள் வசூல், அதன் பிறகு ஓட்டம் மட்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும்போது வாரம் நான்கு நாள், மொத்தம் 30 முதல் 35 கி.மீ. ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஓர் அரை மாரத்தானாவது முடித்திருக்க வேண்டும். அதன் நேரச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள், முழு மாரத்தான் பதிவில் கேட்பார்கள். இப்போதுதான் 5 கி.மீ. வரை வந்திருக்கிறீர்கள் என்றால் இந்த ஆண்டு 10 கி.மீ. ஓடியே நிதி திரட்டுங்கள். கொடுப்பவர் யாரும் கிலோமீட்டரை எண்ணிக் கொடுப்பதில்லை.

முதலில் பணம்

நிறுவனத்தைத் தேர்ந்ததும் அவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். 80ஜி பதிவு (நன்கொடை கொடுப்பவருக்கு வரிக்கழிவு தரும் பதிவு) நடப்பில் உள்ளதா? நிதி திரட்டும் இணைப்பு உங்கள் பெயரில் கிடைக்குமா? வரும் பணம் எந்த வேலைக்குப் போகும்? மூன்றாவதற்கு ஒரே வரியில் பதில் வராவிட்டால் வேறு நிறுவனம் பாருங்கள். அந்த ஒரு வரிதான் உங்கள் வேண்டுகோளின் உயிர்.

உங்கள் ஜிபே எண்ணுக்குப் பணம் வாங்கவே கூடாது. நீங்கள் மொத்தமாகக் கட்டினால் ரசீது உங்கள் பெயரில் வரும். கொடுத்தவருக்கு வரிக்கழிவு போய்விடும். இணைப்பில் அவர்களே கட்டி, பான் எண்ணும் தர வேண்டும். ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை, அதனால் வரியைக் காட்டி எல்லோரிடமும் கேட்காதீர்கள்.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் வெளிநாட்டுச் சொந்தம். துபாயில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருக்கும் அண்ணன் வங்கி வழியாக அனுப்பலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருந்தாலும் அவர் தருவது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு உள்ள நிறுவனம், அதற்கென்றே வைத்திருக்கும் கணக்கில்தான் அதை வாங்க முடியும்.

இலக்கு ஒரு லட்சம் என்றால் நூறு பேரின் பெயரை நோட்டில் எழுதுங்கள். பாதிப் பேர் தரமாட்டார்கள் என்றே கணக்குப் போடுங்கள். மீதி ஐம்பது பேரிடமிருந்து சராசரி 2000 வர வேண்டும். முதல் தொகை உங்களுடையதாக இருக்கட்டும், வெறும் பக்கத்தில் யாரும் முதலில் போடமாட்டார்கள். குடும்பக் குழுவில் ஒரே செய்தியாகப் போட்டால் கட்டைவிரல்தான் வரும், பணம் வராது. ஒவ்வொருவருக்கும் தனியாக, சம்பளம் வந்த முதல் வாரத்தில், தொகையையும் சொல்லிக் கேளுங்கள்: “மாமா, ஜனவரியில் 42 கிலோமீட்டர் ஓடுகிறேன். இந்தப் பிள்ளைகளின் ஒரு மாதச் சாப்பாட்டுக்கு 1500 ரூபாய். உங்களால் முடியுமா?” இரண்டாம் முறை நினைவூட்டலாம், மூன்றாம் முறை வேண்டாம். இன்னொன்று: நான் ஓடி முடிக்காவிட்டாலும் பணம் அங்கே போய்ச் சேரும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாதவர்கள்தான் முட்டி வீங்கியும் நிற்காமல் ஓடுகிறார்கள்.

பிறகு கால்

வாரத்தில் ஒரு நாள் லாங் ரன், அதாவது நீண்ட தூர ஓட்டம். மூன்று வாரம் 18, 20, 22 கி.மீ. என்று ஏற்றி நான்காம் வாரம் 16க்கு இறக்குங்கள். அடுத்த சுற்றை 22இலிருந்து தொடருங்கள். உச்சம் 30 முதல் 32 கி.மீ.; அது ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு, டிசம்பர் கடைசியில் வர வேண்டும். மூன்றரை மணி நேரம் தாண்டினால் தூரம் குறைந்தாலும் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஓடினால் காயம்தான் மிச்சம். வேகம் பேசிக்கொண்டே ஓடும் அளவுக்கு இருக்கட்டும். அரை மாரத்தானை 2 மணி 20 நிமிடத்தில் முடித்தவர் லாங் ரன்னைக் கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடத்துக்கு வேகமாக ஓட வேண்டியதில்லை.

தண்ணீர் நிற்கும் தெருவில் ஓடாதீர்கள், திறந்து கிடக்கும் மேன்ஹோல் தெரியாது. இரண்டு ஜோடி ஷூ மாற்றி மாற்றிப் போடுங்கள். நனைந்ததைச் செய்தித்தாள் திணித்து நிழலில் உலர்த்துங்கள். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்துக் கொப்புளம் போடும். கால்விரல் இடுக்கு, தொடை, அக்குள் எல்லாவற்றிலும் வாசலின். ஆண்கள் மார்புக் காம்பில் பிளாஸ்டர் ஒட்டாவிட்டால் 25ஆவது கிலோமீட்டரில் பனியனில் ரத்தம் தெரியும்.

ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். இடையில் எதுவும் குடிக்காமல் ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் வியர்வை. அதில் பாதி முதல் முக்கால் வரை குடித்தால் போதும். பயந்துகொண்டு வெறும் தண்ணீராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். அது உயிருக்கே ஆபத்து. லாங் ரன்னில் ஓஆர்எஸ் கலந்த தண்ணீரும் எடுத்துப் போங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும்.

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு ஜெல் (ஓடும்போது பிழிந்து சாப்பிடும் மாவுச்சத்துக் கூழ்) அல்லது ஒரு நடுத்தர வாழைப்பழம் சுமார் 25 கிராம். முதலாவதை 40ஆவது நிமிடத்திலேயே எடுங்கள். 30 கி.மீ.க்கு அப்புறம் கால் கல்லாவதற்குக் காரணம் பெரும்பாலும் தசையில் சேர்த்திருந்த மாவுச்சத்தான கிளைகோஜன் தீர்ந்துபோவதுதான். அந்த நேரத்தில் சாப்பிட்டால் வேலை செய்யாது. எதைச் சாப்பிடப்போகிறீர்களோ அதை லாங் ரன்னில் பழக்கிவிடுங்கள்.

ஓட்ட வாரம்

கடைசி மூன்று வாரம் தூரத்தை முக்கால், பாதி, கால் என்று குறையுங்கள். கால் பரபரக்கும், கூடுதலாக ஓடத் தோன்றும். ஓடாதீர்கள். ஓட்ட நாளன்று பிப் தரமாட்டார்கள். முந்தைய நாட்களில் மும்பையில் நடக்கும் எக்ஸ்போவில் (ஓட்டக் கண்காட்சி) நேரில் வாங்க வேண்டும், ரயில் டிக்கெட்டை அதற்கேற்பப் போடுங்கள். முந்தின நாள் சோறு, தயிர்; பருப்பும் கீரையும் வேண்டாம். ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு மூன்று இட்லி, தொட்டுக்கொள்ளச் சர்க்கரை.

ஐந்து மணி நேரத்தில் முடிக்கக் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 6 விநாடி. ஆனால் வளைவுகளில் சுற்றி ஓடுவதால் கடிகாரம் 42.195ஐத் தாண்டிக் காட்டும். 7:02 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 10 கி.மீ. அதைவிடப் பத்து விநாடி மெதுவாகவே போங்கள். ஓட்டப் பாதையில் உள்ள பெடர் ரோடு ஏற்றம் திரும்பி வரும்போது, கால் ஓய்ந்த நேரத்தில் வரும். அங்கே சிறு அடி வைத்து நடந்தாலும் தவறில்லை. ஓரிடத்தில் மட்டும் குத்தி, நடையையே மாற்றும் வலி என்றால் மருத்துவ உதவி மையத்தில் நில்லுங்கள். ஐபுபுரூஃபன் வலி மாத்திரை போட்டு அதை மறைக்காதீர்கள். நீர் குறைந்த உடலில் அது சிறுநீரகத்தைத் தாக்கும்.

ஓட்டம் முடிந்த அன்றே கொடுத்தவர்களுக்கெல்லாம் நேரத்தையும் திரண்ட தொகையையும் எழுதுங்கள். விட்டுப்போனவர்கள் அந்த வாரம் கொடுப்பார்கள். மார்ச் 31க்குள் பான் எண் விடுபட்டவர்களைத் தேடிப் பிடியுங்கள். மே மாதக் கடைசிக்குள் வர வேண்டிய 10பிஇ சான்றிதழ் (வரிக்கழிவுக்கான நன்கொடைச் சான்று) கிடைத்ததா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழ் வராதவர் நிறுவனத்தைத் தேடமாட்டார், உங்களைத்தான் கூப்பிடுவார்.