ஸ்கவுட் வந்து கதைத்தால் என்ன செய்வது? எட்டு வயதுப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை, ஈரப் புல், பிளாஸ்கில் தேத்தண்ணி, உங்கள் பிள்ளை நாலு பேரைத் தாண்டிப்போய் ஒரு கோல் போடுகிறான், ஆட்டம் முடிந்ததும் பெரிய கால்பந்துக் கழகம் ஒன்றின் சின்னம் போட்ட ஜாக்கெட்டோடு ஒரு ஸ்கவுட், அதாவது கழகத்துக்காகத் திறமையான பிள்ளைகளைத் தேடித் திரிபவர், வந்து “நீங்கள்தான் இவருடைய அப்பாவா?” என்று கேட்கிறார். லண்டனில் எங்கள் ஆட்கள் சிலருக்கு இது நடந்திருக்கிறது. அன்று பின்னேரத்துக்குள் ஊரில் இருக்கும் சித்தப்பா வரைக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி போய்விடும். கொஞ்சம் பொறுங்கள். அவர் உண்மையில் எதற்குக் கூப்பிடுகிறார் என்று முதலில் விளங்கிக்கொள்ளுங்கள், எனக்கு அது விளங்க எட்டு மாதமும் கொஞ்சக் காசும் போனது.

முதலில் ஆளைப் பாருங்கள். ஒழுங்கான ஸ்கவுட் பிள்ளையிடம் நேரே போய்க் கதைக்க மாட்டார், உங்கள் அணியின் கோச்சிடம் தன்னை யாரென்று சொல்லிவிட்டுத்தான் வருவார், கழகத்தின் அடையாள அட்டையும் வைத்திருப்பார். பெயரைக் குறித்துக்கொண்டு கழகத்தின் அகடமி (பிள்ளைகளைப் பயிற்றுவிக்கும் பிரிவு) அலுவலகத்துக்கு அழைத்துக் கேளுங்கள். அவர் தந்த நம்பருக்கு அல்ல, கழகத்தின் இணையதளத்தில் இருக்கும் நம்பருக்கு. “நான் ஏஜென்ட், உங்கள் மகனை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று யாராவது வந்தால் கதையை அங்கேயே முடித்துவிடுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு எதற்கு ஏஜென்ட்?

அடுத்தது, பலர் சறுக்குகிற இடம். கழகங்கள் பிள்ளைகளைக் கூப்பிடுவதில் மூன்று வகை உண்டு. ஒன்று, ஐந்து ஆறு வயதிலேயே சும்மா வந்து ஆடச் சொல்வது, இதை முன் அகடமி என்பார்கள். பதிவு எதுவும் கிடையாது, இப்போது ஆடுகிற உள்ளூர் ஞாயிறு அணியிலும் தொடர்ந்து ஆடலாம். இரண்டாவது, உண்மையான பதிவு. இங்கிலாந்தில் 2012இல் வந்த புதிய அகடமித் திட்டத்தின்படி கழகங்களை நாலு தரமாகப் பிரித்திருக்கிறார்கள், ஒன்பது வயதுக்குட்பட்டோர் அணியில் இருந்துதான் பிள்ளையைப் பதிவு செய்யலாம். பள்ளிக் கணக்கில் அது நாலாம் ஆண்டு, அதாவது கையெழுத்துப் போடும்போது பல பிள்ளைகளுக்கு எட்டு வயதுதான்.

மூன்றாவது வகை, காசு கட்டிப் போகிற ‘டெவலப்மென்ட் சென்டர்’. எங்கள் எட்டு மாதமும் போனது அங்கேதான். சட்டை, காலுறை, பை எல்லாவற்றிலும் ஒரு பெரிய கழகத்தின் சின்னம், தவணைக்கொருமுறை கட்டணம். கார் நிறுத்துமிடத்தில் இன்னொரு அப்பாவோடு கதைத்தபோதுதான் தெரிந்தது, அகடமியில் இருந்து ஒருவர் அந்தப் பக்கம் வந்தே மாதக்கணக்காகிறது. பயிற்சி மோசம் என்று சொல்லவில்லை, மகனுக்கு இடது காலால் பந்தை நிறுத்த அங்கேதான் வந்தது. ஆனால் அது ரியூசன் வகுப்பு. அகடமியில் பதிவான பிள்ளையிடம் பயிற்சிக்குக் காசு வாங்க மாட்டார்கள், இந்த ஒன்றை நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

சரி, உண்மையிலேயே பதிவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று வைப்போம். உடனே பேனாவை எடுக்க வேண்டாம், ஒருநாள் பயிற்சியைப் போய்ப் பாருங்கள். மகன் வயதுப் பிள்ளை ஒன்றைத் தெரிவு செய்து, பத்து நிமிடத்தில் அவன் காலில் பந்து எத்தனை முறை படுகிறது என்று எண்ணுங்கள். ஆளுக்கொரு பந்து, ஒருவரை ஒருவர் தாண்டுகிற விளையாட்டு, மூன்று பேருக்கு மூன்று பேர் என்று சின்னச் சின்ன ஆட்டம், இப்படி இருந்தால் நல்ல இடம். எட்டுப் பிள்ளைகள் வரிசையில் நின்று தங்கள் முறைக்குக் காத்திருந்தால், கோச் ஓரத்தில் நின்று கத்திக்கொண்டே இருந்தால், சின்னம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் யோசியுங்கள். இந்த வயதில் போட்டியே சின்ன அணிகளாகத்தான், அதில் வெற்றி தோல்வியைப் பற்றி நிறையக் கதைக்கிற கோச்சையும் எனக்குப் பிடிக்காது.

இனிக் காகிதம். பதினொரு வயதுக்குட்பட்டோர் அணி வரைக்கும் பதிவு ஒவ்வொரு வருடமாகத்தான், பிறகுதான் இரண்டு வருடம் என்று நீளும். பதிவானதும் பள்ளி அணிக்கு ஆடலாம், பழைய ஞாயிறு அணிக்கு ஆட முடியாது. இதைப் பிள்ளைக்கு முதலே சொல்லுங்கள், அவனுக்குப் பெரிய இழப்பு அதுதான், ஏனென்றால் கூட்டாளிகள் எல்லாரும் அங்கே இருப்பார்கள். பலர் கவனிக்காத இன்னொன்று, இழப்பீடு. கழகம் தானாக விட்டுவிட்டால் பிரச்சினை இல்லை. கழகம் “இருக்கட்டும்” என்று சொல்லி, நீங்கள் “வேண்டாம், வேறு கழகத்துக்குப் போகிறோம்” என்றால், அந்த வேறு கழகம் பயிற்சிச் செலவுக்குக் காசு கட்ட வேண்டும். 2012இல் விதி வந்தபோது இந்தச் சின்ன வயதுகளுக்கு வருடத்துக்கு 3,000 பவுண் என்று வைத்தார்கள், பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் அணியில் இருந்து முதல்தரக் கழகமென்றால் வருடத்துக்கு 40,000. சின்னக் கழகம் ஒன்று அந்தத் தொகையைப் பார்த்துப் பின்வாங்கினால் நடுவில் நிற்பது பிள்ளைதான். ஆகவே இடையில் விலக விரும்பினால் என்ன நடக்கும் என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வாரத்தைக் கணக்குப் போடுங்கள், குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாளை ஒட்டி வடிவாகப் போடுங்கள். வாரத்தில் மூன்று பின்னேரம், ஞாயிறு போட்டி. ஐந்து மணிக்கு நோர்த் சர்க்குலர் வீதியில் கார் நகராமல் நிற்கும், பின்சீட்டில் அவன் டப்பாவில் இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டே சப்பாத்து மாட்டுவான். தங்கச்சி ஒருத்தி இருந்தால் அவளும் அந்தக் காரில்தான் வீட்டுப்பாடம் செய்வாள். பரீட்சை வைத்துப் பிள்ளைகளை எடுக்கிற கிராமர் பள்ளிக்கான நுழைவுப் பரீட்சை ஆறாம் ஆண்டு தொடக்கத்தில், செப்டம்பரில் வரும், அதற்கு முந்தைய வருடம்தான் அகடமியும் நேரத்தை இழுக்கும். எங்கள் வீடுகளில் முதலில் வெட்டுப்படுவது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, அதன் மார்க்கை யாரும் கேட்பதில்லையே. நான் அதை வெட்டவில்லை, அம்மம்மாவோடு போனில் கதைக்க அவனுக்கு அது வேண்டும். உங்கள் வீட்டுக்கு எதுவோ நீங்கள் முடிவு செய்யுங்கள், ஆனால் கையெழுத்துக்கு முன் முடிவு செய்யுங்கள். ஒரு மணிநேரத் தூரத்தில் உள்ள முதல்தரக் கழகத்தைவிட, பதினைந்து நிமிடத்தில் உள்ள மூன்றாந்தரக் கழகம் ஒன்பது வயதுக்கு நல்லது என்பது என் எண்ணம்.

பிறந்த மாதத்தையும் பாருங்கள். இங்கே வயதுப் பிரிவு செப்டம்பர் 1இல் தொடங்குகிறது, அதனால் செப்டம்பர், அக்டோபரில் பிறந்த பிள்ளை ஓகஸ்டில் பிறந்தவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது பெரியவன், ஆனால் இருவரும் ஒரே அணி. அகடமிகளில் முதலாமவன் கூட்டம்தான் அதிகம். பின்னர் இங்கிலாந்து அணித் தலைவரான ஹரி கேன் ஜூலை 28இல் பிறந்தவர், எட்டு வயதில் ஆர்சனல் அவரை விட்டுவிட்டது. பின்னர் இங்கிலாந்துக்கு ஆடிய டெக்லன் ரைஸை செல்சி பதினாலு வயதில் விட்டது. உங்கள் பிள்ளை கோடையில் பிறந்தவனாக, உருவத்தில் சின்னவனாக இருந்தால் “அடுத்த வருடமும் அவனைப் பார்ப்பீர்களா?” என்று ஸ்கவுட்டிடம் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை.

ஊரில் இருந்து கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காசு கட்டினால் இங்கிலாந்து அகடமியில் சேர்த்துவிடுவோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே வீரர்களை நாடு விட்டு நாடு மாற்றுவதை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா பொதுவாகத் தடுத்திருக்கிறது, விதிவிலக்குகள் சில உண்டு, ஆனால் காசு கட்டுவது அதில் ஒன்றல்ல. இந்த விதியை மீறியதற்காக பார்சலோனாவுக்கே 2014இல் தடை விழுந்தது. தமிழரான விமல் யோகநாதன் 2023இல் இங்கிலாந்துக் கழகமான பார்ன்ஸ்லிக்கு ஆடத் தொடங்கியதும் எல்லாருக்கும் ஆசை வந்துவிட்டது, வரட்டும், ஆனால் அவர் வேல்ஸில் வளர்ந்த பிள்ளை.

கடைசியாக, கழகம் பிள்ளையை விடுகிற நாள். அதைச் சேரும்போதே கேட்டுவிடுங்கள்: யார் சொல்வார்கள், நேரிலா மின்னஞ்சலிலா, பிள்ளைக்கு முன் பெற்றோருக்குச் சொல்வார்களா? பழைய ஞாயிறு அணியின் கோச்சோடு தொடர்பை விட்டுவிடாதீர்கள், நத்தாருக்கு ஒரு வாழ்த்தாவது அனுப்புங்கள். சீசன் முடிவில் விடுகிறோம் என்ற அந்தச் செய்தி வந்தால், அன்று இரவே அவருக்கு ஒரு செய்தி போடுங்கள், அடுத்த சீசனுக்கு ஒரு இடம் வைத்திருக்கச் சொல்லி.