வீடே இல்லாத ஊரை எப்படி சுத்திப் பாக்குறது? ஃப்ளூரி போறவங்களுக்கு

பிரான்ஸ்ல வெர்டன் பக்கம் போறவங்க தூவோமோன் கோட்டையையும் செத்த சிப்பாய்ங்களோட எலும்பு வச்சிருக்குற மண்டபத்தையும் பாத்துட்டு கெளம்பிடுறாங்க, பக்கத்துலயே ஃப்ளூரி இருக்கு, காடுதானேன்னு தாண்டிடுறாங்க. 1913ல 422 பேர் இருந்த விவசாய ஊருங்க அது. முதல் உலகப்போர்ல 1916ல நடந்த வெர்டன் சண்டையில பிரெஞ்சுக்காரங்களுக்கும் ஜெர்மன்காரங்களுக்கும் நடுவுல 16 தடவை கை மாறுச்சுன்னு சொல்வாங்க, கடைசில ஒரு சுவர் கூட மிஞ்சல.

வீட்டுப்பாடம் செய்யாம போனா பள்ளமும் புல்லும்தான் தெரியும். அதனால மொத நாளே பிரெஞ்சு அரசோட ஜியோபோர்ட்டாய் மேப் இணையதளத்துல 19ஆம் நூற்றாண்டு ராணுவ மேப்பை போட்டு ஃப்ளூரிய தேடுங்க, அதுல தெரு, வீடு எல்லாம் இருக்கும், அப்படியே அதுமேல இந்தக் காலத்துல மேல இருந்து எடுத்த படத்தை வச்சுப் பாருங்க, ஒரே மரமா இருக்கும். ரெண்டையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்குங்க, காட்டுக்குள்ள சிக்னலை நம்ப வேணாம்.

பாரிஸ் கிழக்கு ஸ்டேஷன்ல இருந்து மியூஸ் ஸ்டேஷன் வரைக்கும் டிஜிவி (அதிவேக ரயில்), சுமார் ஒரு மணி நேரம், அங்கிருந்து பஸ்ல வெர்டன். அதுக்கு மேல கார் இருந்தா நல்லது, சைக்கிள்னா ஏத்தம் மூச்சு வாங்கும்.

நடக்க ஆரம்பிக்க வேண்டிய இடம் வெர்டன் மெமோரியல் மியூசியம். 1967ல திறந்தது, அது நிக்கிற இடமே ஃப்ளூரியோட பழைய ரயில்வே ஸ்டேஷன். அங்கிருந்து ஊருக்குள்ள (ஊருன்னே சொல்லுவோம்) போனா குண்டு விழுந்த பள்ளம் பள்ளமா, நடுவுல சின்ன சின்ன அடையாளக் கல்லு, இங்க பேக்கரி, இங்க ஸ்கூல், இங்க பண்ணைன்னு. அவசரப்படாம ஒவ்வொண்ணா படிச்சு, போன்ல இருக்குற மேப்போட ஒப்பிட்டுக்கிட்டே நடங்க, கொஞ்ச நேரத்துல தெரு எந்தப் பக்கம் வளைஞ்சு போச்சுன்னு உங்களுக்கே புரிஞ்சிடும். பழைய சர்ச் இருந்த எடத்துல இப்ப ஒரு சின்ன சாப்பல் இருக்கு.

பாதைய விட்டு இறங்காதீங்க! வெடிக்காத ஷெல் இன்னும் மண்ணுக்குள்ள கெடக்கு, துருப்பிடிச்ச இரும்பு எது கண்ணுல பட்டாலும் தொடக்கூடாது, மெட்டல் டிடெக்டர் பக்கமே போகக்கூடாது, சட்டப்படி தப்பு. திரும்ப ஊர் கட்டாததுக்கும் இதுதான் காரணம், ஷெல், விஷவாயு, எடுக்க முடியாத பிணங்கன்னு அந்த மண்ணு அப்படி ஆயிருச்சு, சிவப்பு மண்டலம்னு அறிவிச்சு அரசாங்கமே நிலத்தை வாங்கி மரம் நட்டுருச்சு. ஆனா ஊரை கணக்குல இருந்து எடுக்கல பாருங்க, ஆளே இல்லாத ஊருக்கு இன்னைக்கும் மேயர் உண்டு, ஓட்டு போட யாரும் இல்லாததால மாவட்டத்துல அரசாங்கத்தோட பிரதிநிதியா இருக்குற ப்ரீஃபே நியமிக்கிறாரு.

கெளம்புறதுக்கு முன்னாடி போர் நினைவுத்தூண்ல இருந்து ஒரே ஒரு பேரை எழுதிக்குங்க. ராத்திரி ரூமுக்கு வந்து பிரெஞ்சு ராணுவ அமைச்சகத்தோட மெமுவார் தெ ஸோம் இணையதளத்துல அதை தேடுனா, அந்த ஆளு எந்தப் படை, எந்தத் தேதி, எங்க செத்தாருங்குற கையெழுத்துக் கார்டே பெரும்பாலும் கிடைக்கும், காசு கிடையாது.