மாண்டினீக்ரோ: சின்ன நாடுதானே என்று கிளம்பினால் எங்கே சறுக்கும்?

தென்கிழக்கு ஐரோப்பாவில் இருக்கும் மாண்டினீக்ரோவை உலக வரைபடத்தில் ஒரு விரல் நுனியால் மறைத்துவிடலாம். பரப்பு 13,812 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை ஆறு லட்சத்துச் சொச்சம். ‘மூன்று நாளில் முழுசாகச் சுற்றிவிடலாம்’ என்று யாருக்கும் தோன்றும். முதல் சறுக்கல் அங்கேதான்.

அந்த ஊர் மக்கள் தங்கள் நாட்டை ‘ட்ஸ்ர்னா கோரா’ என்கிறார்கள். கருமலை என்று பொருள். நாம் படத்தில் பார்க்கும் ஏட்ரியாட்டிக் கடற்கரை, இந்த மலைநாட்டுக்கு ஒரு கரை போட்ட மாதிரிதான். கடலோர நகரான கோட்டரிலிருந்து லோவ்சென் மலைக்கு ஏறும் பழைய சாலையில் மட்டும் 25 கொண்டை ஊசி வளைவுகள். எதிரே ஒரு பேருந்து வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயாக வேண்டும். ஆகவே கிலோமீட்டரை எண்ணித் திட்டம் போடாதீர்கள். கடற்கரையிலிருந்து வடக்கே உள்ள துர்மிட்டோர் மலைக்கும் தாரா பள்ளத்தாக்குக்கும் ஒரே நாளில் போய்த் திரும்பினால், பார்த்ததைவிட காருக்குள் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகமாக இருக்கும். அங்கே ஓர் இரவு தங்கிவிடுங்கள். கோடையிலும் ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் வேண்டும்.

கோட்டர் வளைகுடாவில் தூரக் கணக்கு வேறு மாதிரி ஏமாற்றும். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும், சாலையோ வளைகுடா முழுவதையும் சுற்றிப் போகும். கமெனாரியில் காரோடு படகில் ஏறினால் சில நிமிடங்களில் எதிர்க்கரையில் உள்ள லெப்பட்டானே. இது தெரியாமல் கரையோரமாகவே ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. நேரம் இருந்தால் அதுவும் அழகான வழிதான், சொல்லப்போனால்.

அடுத்தது விசா குழப்பம். இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. மாண்டினீக்ரோவில் யூரோதான் செலாவணி. 1999-இல் ஜெர்மன் மார்க்கை எடுத்துக்கொண்டார்கள், மார்க் போனதும் 2002-இல் யூரோ. அதை வைத்து ‘ஷெங்கன் விசா போதும், உள்ளே போய் வரலாம்’ என்று நினைத்துவிடுகிறார்கள். ஷெங்கன் என்பது ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வரக்கூடிய பகுதி; மாண்டினீக்ரோ அதில் இல்லை. பக்கத்து குரோவேஷியா 2023 ஜனவரியில் ஷெங்கனில் சேர்ந்துவிட்டது. ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசாவோடு அந்நாட்டின் துப்ரோவ்னிக் நகரில் தங்கியிருப்பவர், ‘சும்மா கோட்டரைப் பார்த்துவிட்டு வரலாம்’ என்று காலையில் எல்லை தாண்டினால், விசாவில் நாள் மிச்சம் இருந்தாலும் மாலையில் திரும்பி நுழைய முடியாது. பெட்டி அந்தப் பக்கம், ஆள் இந்தப் பக்கம். பலமுறை நுழையும் விசாவா என்று பாருங்கள். மாண்டினீக்ரோ உங்கள் கடவுச்சீட்டுக்கு என்ன கேட்கிறது என்பதைத் தூதரகத்திடம் தனியாகக் கேளுங்கள்.

தங்குமிடப் பதிவும் பலருக்குத் தெரியாது. வெளிநாட்டவர் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்யவேண்டும். ஹோட்டல் என்றால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். தனியார் வீட்டில் அறை எடுத்தால், ‘பதிவு செய்துவிட்டீர்களா?’ என்று வீட்டுக்காரரிடம் வாய் திறந்து கேட்டுவிடுவது நல்லது.

கோட்டர் பழைய நகருக்குப் பகல் பதினோரு மணிக்குப் போகாதீர்கள். கப்பல் பயணிகள் இறங்கியிருப்பார்கள், சந்துகளில் தோள் இடிக்கும். கோட்டைக்கு ஏற ஏறத்தாழ 1,350 படிகள், நிழல் குறைவு. விடிந்ததும் ஏறினால் மேலே நீங்களும் சில பூனைகளும்தான்.

ஜூலை, ஆகஸ்டில் கடற்கரை நகரான புத்வா பக்கம் கார் நகராது. அதற்குப் பயந்து நவம்பருக்குத் தள்ளிப்போட்டால் மழை. வளைகுடாவுக்கு மேலே இருக்கும் ட்ஸ்ர்க்விட்சே, ஐரோப்பாவிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஜூன் அல்லது செப்டம்பர் சரியாக இருக்கும். மணல் கரைதான் வேண்டும் என்றால் தெற்கே உல்ட்சின் போங்கள், வளைகுடாவுக்குள் பெரும்பாலும் கூழாங்கல்லும் சிமென்ட் மேடையும்தான்.