‘வரலாற்றில் இன்று’ பலகையைப் பிழையில்லாமல் எழுதுவது எப்படி?

சனசமூக நிலையத்தில் பேப்பர் வரும்வரை காத்திருப்பவர் வாசிக்கும் பலகைக்கும், பாடசாலைக் காலைக்கூட்டத்தில் ஒரு மாணவி வாசிக்கும் துண்டுக்கும் வேலை ஒன்றுதான். இன்றைய திகதியில் முன்பு என்ன நடந்தது, யார் பிறந்தார்கள் என்பதை ஐந்தாறு வரியில் சொல்ல வேண்டும். இணையத்தில் தேடினால் ஒரு நாளுக்கு நூறு வரி கொட்டும். அதில் ஐந்தைத் தெரிவது ஒரு வேலை. தெரிந்த ஐந்தும் உண்மையில் அந்தத் திகதிக்கு உரியவைதானா என்று பார்ப்பது மற்ற வேலை. பலகைகள் சறுக்குவது இரண்டாவதில்.

முதலில் ஒரு பதிவு வேண்டும். 200 பக்கச் சீ.ஆர். கொப்பி இரண்டு வாங்குங்கள். பெப்ரவரி 29ஐயும் சேர்த்தால் ஜனவரி முதல் யூன் வரை 182 நாள், யூலை முதல் டிசெம்பர் வரை 184 நாள். நாளுக்கு ஒரு பக்கமாகப் பிரித்தால் முதற்கொப்பியில் 18 பக்கமும் மற்றதில் 16 பக்கமும் மிஞ்சும். அவற்றை வெறுமையாக விடுங்கள், பிறகு தேவைப்படும். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு நிரல்: ஆண்டு, வகை (நிகழ்வா, பிறப்பா, இறப்பா), செய்தி, எங்கே பார்த்தது. நான்காவது நிரலை நிரப்பப் பஞ்சிப்படுபவர்கள்தான் அடுத்த வருடம் அதே வரியை மறுபடி தேடி அலைவார்கள். செய்தியை முதலில் பென்சிலால் எழுதி, இரண்டாவது மூலத்தில் பார்த்த பிறகே பேனையால் எழுதுங்கள்.

இரண்டு மூலம் என்பது இரண்டு இணையத்தளம் அல்ல. ஒன்றைப் பார்த்து மற்றொன்று படியெடுத்தால் எழுத்துப்பிழைகூட ஒன்றாகவே இருக்கும். விக்கிப்பீடியாவில் நாளுக்கென்று இருக்கும் பக்கம் வெறும் பட்டியல்; அங்கே ஒரு பெயரைக் கண்டால் அந்த ஆளுக்குரிய தனிப்பக்கத்துக்குப் போய்த் திகதியைப் பாருங்கள். இரண்டும் முரண்படுவது அபூர்வமல்ல. அதன்பிறகு ஒரு கலைக்களஞ்சியம் அல்லது அக்காலப் பத்திரிகை. நம்மூர்ச் செய்திக்கு ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் பழைய பத்திரிகைகளும் பாடசாலை மலர்களும் நினைவு மலர்களும் கிடைக்கின்றன. பத்திரிகையைப் பார்க்கும்போது ஒரு கவனம்: 22ஆம் திகதியிட்ட காலைப் பேப்பரில் இருப்பது பெரும்பாலும் 21ஆம் திகதிச் செய்தி. தலைப்பில் உள்ள திகதியை அப்படியே தூக்கிப் போட்டால் ஒரு நாள் தள்ளிப்போய்விடும்.

கிழமையையும் பாருங்கள். மூலத்தில் ‘ஞாயிறு’ என்றிருந்தால் அந்தத் திகதி உண்மையிலேயே ஞாயிறா என்று கைத்தொலைபேசிக் கலண்டரில் பின்னே தள்ளிப் பார்க்க அரை நிமிடம் போதும். பொருந்தாவிட்டால் திகதி அல்லது கிழமை, இரண்டில் ஒன்று பிழை. எண்களால் மட்டும் எழுதிய திகதியை நம்பவே வேண்டாம். 7/4 என்பது நமக்கு ஏப்ரல் 7, அமெரிக்கருக்கு யூலை 4. மாதத்தைப் பெயராக எழுதியிருக்கும் மூலத்தைத் தேடுங்கள். உங்கள் கொப்பியிலும் மாதத்தைப் பெயராகவே எழுதுங்கள்.

ஒரு நாளை எடுத்துச் செய்து பார்ப்போம்: யூலை 21

இந்த நாளில் சரக்கு நிறைய இருக்கிறது, சறுக்கும் இடங்களும் நிறைய.

1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்கா பிரதமரானது இந்த நாளில். தேர்தல் நடந்தது 20ஆம் திகதி, பதவியேற்றது 21. ‘உலகின் முதலாவது பெண் பிரதமர்’ என்ற சொற்றொடரோடு எந்தத் திகதி ஒட்ட வேண்டும்? பதவியேற்ற நாள்தான். ‘தேர்தலில் வென்ற நாள்’ என்று எழுதினால் ஒரு சொல்லில் வரி பிழையாகிவிடும். இன்னும் சில பட்டியல்களில் அவரை ‘முதல் பெண் ஜனாதிபதி’ ஆக்கிவிட்டிருக்கிறார்கள். 1960இல் இலங்கையில் ஜனாதிபதிப் பதவியே இல்லை.

பெல்ஜியத்தின் தேசிய தினமும் யூலை 21. அதைச் ‘சுதந்திர தினம்’ என்று எழுதக்கூடாது. சுதந்திரப் பிரகடனம் 1830 ஒக்ரோபர் 4. யூலை 21 என்பது 1831இல் முதலாம் லியோபோல்ட் மன்னர் சத்தியப்பிரமாணம் செய்த நாள். எந்த நிறுவனத்துக்கும் நாட்டுக்கும் இப்படி இரண்டு மூன்று தொடக்கங்கள் இருக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு 1974இல் வளாகமாகத் தொடங்கியது ஒன்று, 1979 ஜனவரி 1இல் தனிப் பல்கலைக்கழகமானது இன்னொன்று. இரண்டும் சரி. எது என்று வரியிலே சொல்லாவிட்டால் மட்டும் பிழை.

சிவாஜி கணேசன் 2001 யூலை 21 அன்று மறைந்தார். அவர் பிறந்தது ஒக்ரோபர் 1. சினிமாப் படம் என்றால் பிறந்தநாள் என்ற பழக்கத்தில், இறந்த நாளில் அவரது படத்தை ‘பிறந்தநாள்’ தலைப்பின்கீழ் ஒட்டுவது பலகைகளில் அடிக்கடி நடக்கிறது. கொப்பியின் இரண்டாம் நிரல் இருப்பதே இதற்காகத்தான்.

பிறந்தவர்களில் எழுத்தாளர் ஏர்னெஸ்ட் ஹெமிங்வே (1899, 1954இல் இலக்கிய நோபல் பரிசு பெற்றவர்), நடிகர் றொபின் வில்லியம்ஸ் (1951). இரண்டாமவர் 2014 ஓகஸ்ட் 11 அன்று இறந்துவிட்டார். பழைய பட்டியலைப் படியெடுத்தால் ‘இன்று பிறந்தநாளைக் கொண்டாடும்’ என்று எழுதிவிடுவீர்கள். அந்தத் தொடரை எழுதுமுன், அவர் உயிரோடு இருக்கிறாரா என்று அன்றைக்கே ஒருமுறை தேடுங்கள். நேற்றுப் பார்த்தது போதாது.

பிறகு நிலா. ஆம்ஸ்ரோங் தரையிறங்கியது 1969 யூலை 20 என்றுதான் எல்லாப் பட்டியலும் சொல்லும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் 20ஆம் திகதி மாலை 4.17க்கு அவரது கலமான ஈகிள் இறங்கியது, இரவு 10.56க்கு அவர் காலடி வைத்தார். அப்போது அங்கே கோடைகால நேரம், நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணி வித்தியாசம். இலங்கை மணிக்கூட்டில் அது இறங்கியது 21 அதிகாலை 1.47, காலடி வைத்தது காலை 8.26. ‘இலங்கை நேரப்படி’ என்ற இரண்டு சொல்லைச் சேர்த்தால் யூலை 21 பலகையில் தாராளமாக எழுதலாம். சேர்க்காவிட்டால் முதலில் வாசிக்கும் விஞ்ஞான ஆசிரியரே வந்து அழிக்கச் சொல்வார். 2011இல் இதே யூலை 21 அன்று அற்லாண்டிஸ் தரையிறங்கியதோடு அமெரிக்காவின் விண்ணோடத் திட்டம் முடிந்தது. அந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் நல்ல சோடி.

மணிக்கூடும் நள்ளிரவும்

பொது விதி இது: பிறப்பும் இறப்பும் நிகழ்வும் நடந்த இடத்துத் திகதியிலேயே எழுதப்படும். மைக்கல் ஜாக்சன் லொஸ் ஏஞ்சலிஸில் 2009 யூன் 25 பிற்பகல் இறந்தார். அப்போது இங்கே 26 அதிகாலை. அவருக்கு 25தான். நிலாவுக்கு உள்ளூர் நேரம் இல்லாதபடியால்தான் மேலே அந்தச் சலுகை.

இலங்கையின் மணிக்கூடும் எப்போதும் ஐந்தரையில் நிற்கவில்லை. 1996 மே 25 முதல் கிரீன்விச் நேரத்துக்கு ஆறரை மணி முந்தி, அதே ஆண்டு ஒக்ரோபர் 26 முதல் ஆறு மணி முந்தி, 2006 ஏப்ரல் 15 முதல் மறுபடி ஐந்தரை. இடைப்பட்ட காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே இருந்தது. ஆகவே 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குக் காரணமான நிலநடுக்கம் கொழும்பு மணிக்கூட்டில் ஏறத்தாழ 6.59, வன்னி மணிக்கூட்டில் 6.29. அக்காலத்து நேரத்தை எழுதுவதென்றால் எந்த மணிக்கூடு என்று குறிப்பிடுங்கள். அல்லது நேரத்தையே விட்டுவிடுங்கள்.

நள்ளிரவைத் தாண்டும் சம்பவங்களில் இன்னும் கவனம் தேவை. யாழ் பொது நூலக எரிப்பை 1981 மே 31 இரவு என்று எழுதும் நூல்களும் உண்டு, யூன் 1 இரவு என்று எழுதும் நூல்களும் உண்டு. மே 31 ஞாயிறு இரவு தொடங்கிய வன்முறை அடுத்த நாள்களிலும் நீடித்தது. இப்படியான வரியை ஒரே திகதிக்குள் அடைக்காமல், ‘மே 31, யூன் 1 நாள்களில்’ என்று எழுதி இரண்டு பக்கங்களிலும் பதியுங்கள். ஊரில் அந்த நெருப்பைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். பலகையில் பிழை இருந்தால் அவர்களுக்குத்தான் முதலில் வலிக்கும்.

பழைய நாட்காட்டி

நவம்பர் 7இல் கமல்ஹாசன் (1954), சி. வி. இராமன் (1888), மேரி கியூரி (1867) மூவரும் பிறந்தார்கள். அதே நாளில் 1917இல் ரஷ்யாவின் ஒக்ரோபர் புரட்சி. ஒக்ரோபர் புரட்சி எப்படி நவம்பரில் என்று கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும். ரஷ்யா அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. அங்கே அன்று ஒக்ரோபர் 25. இன்று நாம் பாவிக்கும் கிரிகோரியன் நாட்காட்டியோடு அதற்குள்ள வித்தியாசம் 1582இல் 10 நாள், 1700 முதல் 11, 1800 முதல் 12, 1900 முதல் 13. நியூற்றன் பிறந்தது இங்கிலாந்தின் பழைய கணக்கில் 1642 டிசெம்பர் 25, புதிய கணக்கில் 1643 ஜனவரி 4. ஏதாவது ஒரு பக்கத்தில் எழுதி, மற்றப் பக்கத்தில் ‘பார்க்க’ என்று போட்டுவிடுங்கள். இரண்டு நாளும் பலகையில் அவருக்குப் பிறந்தநாள் கொண்டாட வேண்டாம்.

நம்மூர் வரலாற்றில் இந்தத் தொல்லை குறைவு. போர்த்துக்கல் 1582இலேயே மாறிவிட்டது, யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1619இல். இங்கிலாந்து 1752இல் மாறியது (அங்கே செப்டெம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டெம்பர் 14). ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியது 1795 என்பதால் அதற்கும், 1815 மார்ச் 2 கண்டி ஒப்பந்தத்துக்கும் திகதியை மாற்றத் தேவையில்லை. கத்தோலிக்கப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு சுவையான செய்தி: அவிலா புனித தெரேசா இறந்த இரவு ஒக்ரோபர் 4, விடிந்தபோது ஒக்ரோபர் 15. நாட்காட்டி மாறிய அதே இரவு அது.

நட்சத்திரம், திதி, ஞானஸ்நானம்

ஆறுமுக நாவலர் 1822 டிசெம்பர் 18 நல்லூரில் பிறந்தார், 1879 டிசெம்பர் 5 மறைந்தார். ஆனால் குருபூசை கார்த்திகை மக நட்சத்திரத்தில். அது ஒவ்வொரு வருடமும் வேறு ஆங்கிலத் திகதியில் வரும். டிசெம்பர் 5இல் ‘இன்று குருபூசை’ என்று எழுதாதீர்கள். ‘மறைந்த நாள்’ என்று எழுதுங்கள். குருபூசைகள், நல்லூர்க் கொடியேற்றம், தீபாவளி, உயிர்த்த ஞாயிறு, நோன்புப் பெருநாள், போயா எல்லாம் கொப்பியின் அந்த மிஞ்சிய பக்கங்களுக்குரியவை. வருடத் தொடக்கத்தில் அவற்றைப் பென்சிலால் நிரப்புங்கள். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் சில வேளை ஒரு நாள் வேறுபடும். அந்தந்தக் கோயில் எதைப் பின்பற்றுகிறதோ அதையே எடுங்கள்.

பழங்காலத்தவர் பலருக்குப் பிறந்த நாள் இல்லை, ஞானஸ்நான நாள்தான் உண்டு. ஷேக்ஸ்பியர் 1564 ஏப்ரல் 26 ஞானஸ்நானம் பெற்றார். ஏப்ரல் 23 பிறந்தநாள் என்பது மரபு. பேத்தோவனுக்கு 1770 டிசெம்பர் 17 ஞானஸ்நானம். இவர்களுக்கு அந்தச் சொல்லையே எழுதுங்கள்.

பெப்ரவரி 29இல் பிறந்த மொரார்ஜி தேசாய் (1896), ருக்மிணி தேவி அருண்டேல் (1904) போன்றோரை மற்ற வருடங்களில் 28ஆம் திகதிப் பலகையில் ‘29இல் பிறந்தவர்’ என்று குறிப்பிட்டுச் சேர்க்கலாம்.

எண்ணிக்கையிலும் கை தவறும். 1926இல் பிறந்தவருக்கு 2026இல் நூறு ஆண்டு நிறைவு. நூறாவது ஆண்டு தொடங்கியது 2025இலேயே. ‘நூற்றாண்டு’ என்று மட்டும் எழுதினால் இரண்டில் எது என்று தெரியாது. இறந்தவருக்கு ‘இன்று வயது 98’ என்று எழுதுவதைத் தவிருங்கள்.

பலகையில் ஏற்றுவது

நான்கு அடிக்கு மூன்று அடிப் பலகையில், எட்டடி தள்ளி நின்று வாசிக்க, எழுத்து ஓர் அங்குல உயரமாவது வேண்டும். அந்த அளவில் தலைப்பும் ஐந்து செய்தியும்தான் அடங்கும். காலைக்கூட்டத்தில் இரண்டு நிமிடம் என்றால் 180 சொல்லுக்கு மேல் கொடுக்காதீர்கள். வேகமாக வாசிக்கும் பிள்ளைக்கும் பெயர்களில் நாக்குத் தடுக்கும். வெளிநாட்டுப் பெயர்களை முதல்நாளே வாசித்துப் பார்க்க விடுங்கள்.

ஊர்ச் செய்தி ஒன்று, தமிழுலகச் செய்தி ஒன்று, உலகச் செய்தி இரண்டு, சினிமா அல்லது விளையாட்டு ஒன்று என்று எடுப்பது வசதி. சினிமா வரியை அடியில் போடுங்கள். அதைத் தேடி வருபவர் மற்ற நான்கையும் தாண்டித்தான் வர வேண்டும். ஊர்ச் செய்தி இல்லாத நாளில் இல்லாமலே விடுங்கள், பக்கத்து நாளிலிருந்து இழுத்து வரவேண்டாம்.

ஒவ்வொரு வரியும் ஆண்டோடு தொடங்கட்டும்: ‘1960 – சிறிமாவோ பண்டாரநாயக்கா பதவியேற்று உலகின் முதலாவது பெண் பிரதமரானார்.’ ஆண்டு, ஆள், செயல் மட்டும் போதும். ‘வரலாற்றில் அழியா இடம்பிடித்த’ போன்ற அடைமொழிகள் ஓர் அங்குல எழுத்தில் அரை வரியைத் தின்றுவிடும்.

வெளித்தாழ்வாரப் பலகையில் சிவப்பு மார்க்கர் வெயிலில் சீக்கிரம் மங்கும். கறுப்பும் நீலமும் பாவியுங்கள். படத்தை மையடிப்புப் பிரிண்டில் எடுக்காமல் லேசர் பிரிண்டில் எடுங்கள். மாரியில் குத்தூசியில் தொங்கும் கடதாசி ஊறிச் சுருளும். கண்ணாடிக் கதவுள்ள பலகை இல்லையென்றால் ஐப்பசி முதல் மார்கழி வரை படத்தைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டுத் தொங்கவிடுங்கள்.

யாராவது பிழை காட்டினால் உடனே அழித்து மாற்றாதீர்கள். முதலில் மூலத்தைப் பாருங்கள். காட்டியவரிடமும் அவர் எங்கே பார்த்தார் என்று கேளுங்கள். அவர் சொன்னது சரியென்றால் மறுநாள் பலகையின் அடியில் ஒரு வரித் திருத்தம் எழுதி, கொப்பியிலும் பழைய வரியைக் கோடிட்டு வெட்டி, சரியானதை அதன் மூலத்தோடு பக்கத்தில் எழுதுங்கள். வெட்டிய வரி வாசிக்கக்கூடியதாக இருக்கட்டும். அடுத்த வருடம் வேறொருவர் அதே பிழையை இணையத்தில் கண்டுபிடித்துக்கொண்டு வருவார்.