சின்னப் பாத்திக்கு நம்மூர்ப் பூச்செடி: எங்கே சறுக்குகிறோம்

ஆடி பிறந்ததும் வடசென்னையில் எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவுக்கு மீன்பாடி வண்டியில் செடி வந்துவிடும். கறுப்புக் கவரில் துலுக்க சாமந்தி, வாடாமல்லி, நித்தியகல்யாணி. "எல்லாம் நாட்டுச் செடிதான்கா, வெச்சா புடிச்சிக்கும்" என்பார் வண்டிக்காரர். முதல் தவறு அங்கேதான். பூஜைத் தட்டில் பார்த்துப் பழகிய பூவெல்லாம் இந்த மண்ணில் பிறந்தது என்று நம்பிவிடுகிறோம். நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. துலுக்க சாமந்தி, வாடாமல்லி, காகிதப்பூ மூன்றும் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவை. சின்ன வயதில் எச்சில் தொட்டு வெடிக்கவிட்ட பட்டாசுக்காய்கூட அங்கிருந்து வந்ததுதான். அதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. அவற்றை வைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் வாடாமல்லியும் துலுக்க சாமந்தியும் ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். நம்மூர்ச் செடியாகவும் இருக்க வேண்டும், பல வருஷம் நிற்கவும் வேண்டும் என்றால் கனகாம்பரம், டிசம்பர் பூ, செம்முள்ளி, இட்லிப்பூ, ஆவாரை என்று தேடுங்கள். செம்முள்ளியில் முள் உண்டு, நடைபாதை ஓரம் வேண்டாம்.

அடுத்தது மண். இதில்தான் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன். வீடு கட்டியபோது மிஞ்சிய ரப்பீஸை, அதாவது செங்கல், சிமெண்டுக் கழிவை, சுவரோரம் கொட்டி, மேலே அரையடி மண் போட்டு மூடியிருந்தார்கள். அது தெரியாமல் இட்லிப்பூ வைத்தேன். மூன்றே மாதத்தில் கொழுந்து இலை வெளுத்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. சத்துக் குறைவு என்று யூரியா போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. சிமெண்டிலும் சுண்ணாம்பிலும் இருக்கும் காரம் மண்ணில் ஏறினால் இரும்புச்சத்தை வேரால் இழுக்க முடியாது. இட்லிப்பூவுக்குப் புளிப்பான மண்தான் பிடிக்கும். அப்புறம் ஒன்றரை அடி தோண்டி, உடைந்த செங்கல்லையும் ஓட்டையும் அள்ளி வெளியே போட்டு, செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பினேன். செடி வாங்கும் முன் கடப்பாரையை ஒரு முறை இறக்கிப் பார்த்திருந்தால் இத்தனை பாடு இல்லை.

தண்ணீரும் அப்படித்தான். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் பல வீட்டு போர் தண்ணீர் உப்பு. தினமும் அதையே ஊற்றினால் மண்மேல் வெள்ளையாகப் பூத்து, இலை நுனி கருகும். வெயில் என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம், உப்பு இன்னும் ஏறும். மெட்ரோ தண்ணீரோ, அரிசி கழுவிய தண்ணீரோ கொடுங்கள். வேறு வழியே இல்லையென்றால் ஆவாரை கொஞ்சம் தாங்கும்.

ஆனால் ஆவாரை ஆள் உயரம் போகும். ஆறடிக்கு மூன்றடிப் பாத்தியில் அதோடு நாலு வகை திணித்தால் இரண்டாம் வருஷம் அது மட்டும்தான் மிஞ்சும். என் கணக்கு இது: பின் மூலையில் ஒரு இட்லிப்பூ, பக்கத்தில் இரண்டு டிசம்பர், முன்னால் அடிக்கு ஒன்றாக ஆறு கனகாம்பரம். முதல் வருஷம் பாத்தி மொட்டையாகத்தான் தெரியும். தெரியட்டும்.

எப்போது நடுவது? ஐப்பசி அடைமழையில் நட்டால் வேர் அழுகும், சித்திரை வெயிலில் நட்டால் காயும். ஆடியில் நட்டால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். வியாசர்பாடி போலத் தண்ணீர் தேங்கும் பக்கம் என்றால், பாத்தியைத் தரையிலிருந்து முக்கால் அடியாவது உயர்த்திக் கட்டுங்கள்.

டிசம்பர் பூவை மார்கழி முடிந்ததும் பாதிக்கு வெட்டிவிட வேண்டும். பாவம் பார்த்து விட்டால் குச்சியாக நீண்டு, அடுத்த வருஷம் நுனியில் மட்டும் பூக்கும்.

மாநில மலர் என்ற ஆசையில் சிலர் செங்காந்தள் வைப்பார்கள். மழைக்காலம் முடிந்ததும் அது கொடியோடு காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று தோண்டி எறியாதீர்கள், கிழங்கு மண்ணுக்குள் தூங்குகிறது, அடுத்த மழைக்கு முளைக்கும். ஆனால் அந்தக் கிழங்கு கடும் விஷம். தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். பேத்தி நடக்கத் தொடங்கிய அன்றே எங்கள் வீட்டுக் கிழங்கைத் தோண்டி எடுத்தாயிற்று. அந்த இடத்தில் இப்போது ஏழாவது கனகாம்பரம் நிற்கிறது.