கார்புரேட்டரில் ஜெட் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஓர் இளைஞர் தம் 125 சிசி பைக்கையும் ஆறு புதிய மெயின் ஜெட்டுகளையும் கொண்டுவந்து, எதைப் போட்டாலும் பிக்கப் தடுமாறுகிறது என்றார். (கார்புரேட்டர் காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிறது; ஜெட் என்பது அதனுள் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள சிறு திருகு.) அவர் செய்திருந்தவை அனைத்தையும் பல ஆண்டுகளுக்கு முன் நானும் அதே வரிசையில் செய்திருக்கிறேன். அந்த ஜெட்டுகளைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பெட்ரோல் குழாயை மூடாமல் கழற்றுவது, ஜெட்டை முரட்டுத்தனமாக இறுக்குவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. ஒருமுறை செய்தவர் தாமே திருந்திக்கொள்வார்.

எஞ்சின் வேகத்தை வைத்து ஜெட்டைத் தேர்ந்தெடுப்பது

எந்த ஜெட் பெட்ரோலைக் கொடுக்கிறது என்பதை ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும், அதற்குமேல் கால் பங்கு வரை ஆக்சிலரேட்டரைத் திருகும்போது மேலேறும் ஸ்லைடின் அடியில் உள்ள வெட்டும், காலிலிருந்து முக்கால் வரை அந்த ஸ்லைடில் தொங்கும் ஊசியும், முக்காலுக்கு மேல் மெயின் ஜெட்டும் முதன்மையாக வேலை செய்கின்றன. ஒன்றின் எல்லை அடுத்ததற்குள் சற்று நீளும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கைப்பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் எனக் கோடு போட்டுக்கொண்டு ஓட்டினால், தடுமாற்றம் எந்தக் கோட்டில் வருகிறது என்பது ஒரே சவாரியில் தெரிந்துவிடும். அந்த இளைஞரின் வண்டி எட்டில் ஒரு பங்குக்குள்ளேயே தடுமாறியது. ஆறு மெயின் ஜெட்டுகளில் ஒன்றுக்கும் அங்கே வேலை இல்லை.

வேறு கோளாறை ஜெட்டால் மூடி மறைப்பது

நான் கண்டவற்றுள் மிக அதிகப் பணத்தை விழுங்கிய தவறு இதுதான். இன்றும் ஒருவர் இதைச் செய்யக் கண்டால் எனக்குப் பொறுப்பதில்லை.

என் முதல் வண்டியில் ஆக்சிலரேட்டரை மெல்லத் திருகினால் எஞ்சின் ஒரு கணம் மூச்சடைத்துவிட்டுப் பிறகே எழும்பும். கையை விட்டாலும் ஐட்லிங் உடனே இறங்காமல் சில நொடிகள் உயரத்திலேயே நின்று மெல்லத் தணியும். பெட்ரோல் போதவில்லை என்று முடிவு செய்து, பைலட் ஜெட்டை 35-லிருந்து 38-க்கும் பிறகு 40-க்கும் ஏற்றினேன், ஊசியை ஒரு படி உயர்த்தினேன், மெயின் ஜெட்டையும் இரண்டு அளவு கூட்டினேன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எல்லாம் சரியாகிவிட்டதுபோல் இருந்தது; பத்துக் கிலோமீட்டர் ஓடிச் சூடேறியதும் பழைய தடுமாற்றம் திரும்பியது, நானும் மறுபடி கூட்டினேன். சில மாதங்கள் கழித்து ஆயில் அளவுக்கோலை உருவியபோது ஆயில் தண்ணீராகச் சொட்டியது, பெட்ரோல் வாடையும் அடித்தது. மிகுதியான பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது. சிலிண்டரை போர் செய்து, பிஸ்டனும் ரிங்குகளும் புதிதாகப் போட வேண்டியதாயிற்று.

அந்த வேலையின்போது, கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் இடையே இருக்கும் ரப்பர் மேனிஃபோல்டைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் வளைத்துப் பார்த்தேன். கிளாம்ப் உட்கார்ந்திருந்த பள்ளத்தில் முடியிழை போன்ற ஒரு கோடு இருந்தது. வளைத்ததும் அது வாய் திறந்து மறுபக்கத்து வெளிச்சத்தைக் காட்டியது, விட்டதும் மூடிக்கொண்டது. அத்தனை நாள் தடுமாற்றத்துக்கும் காரணம் அந்தக் கோடு மட்டுமே. புது ரப்பரைப் போட்டு, பழைய ஜெட்டுகளையே திரும்ப மாட்டினேன். வண்டி ஒழுங்காக ஓடியது.

காற்றுக் கசிவை எந்த ஜெட்டாலும் ஈடுகட்ட முடியாது. ஆக்சிலரேட்டர் மூடியிருக்கையில் எஞ்சின் பக்கம் உறிஞ்சுவிசை மிகுதி, உள்ளே போகும் மொத்தக் காற்றோ குறைவு. ஆகவே விரிசல் வழியே நுழையும் சிறிதளவு காற்றே கலவையைக் கெடுத்துவிடுகிறது. முழுதாகத் திறந்தால் அந்த விரிசலின் பங்கு கணக்கில் வராத அளவுக்குச் சுருங்கிவிடுவதால், ஐட்லிங்கில் போதாத அதே பெட்ரோல் மேலே போகப்போக மிகுதியாகிவிடுகிறது. விரிசலின் அளவும் சூட்டுக்கும் எஞ்சினின் ஆட்டத்துக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும்போது, மாறாத துளையுள்ள ஜெட் அதற்கு எப்படிப் பொருந்தும்?

எனவே ஜெட்டைத் தொடுமுன் ரப்பரைக் கழற்றி வளைத்துப் பாருங்கள். கார்புரேட்டரின் முகப்பில் உள்ள ஓ-ரிங் தட்டையாகிவிட்டதா என்று விரலால் தடவிப் பாருங்கள். முகப்பைக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து அசைத்தால் ஆடுகிறதென்றால், போல்ட்டுகளை மிகையாக இறுக்கி யாரோ அதை வளைத்துவிட்டார்கள் என்று பொருள். கசிவைத் தேடச் சூடான எஞ்சின்மேல் கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சுவோர் உண்டு, அது தீப்பற்றும். இணைப்புகளின்மேல் தண்ணீரை மெல்லத் தெளித்தாலே, கசிவுள்ள இடத்தில் ஐட்லிங் மாறுவது பெரும்பாலும் காதில் விழும். டேப்பெட் (வால்வு) இடைவெளி, ஏர் ஃபில்டரின் அழுக்கு, கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட்டின் உயரம், டயாஃப்ரம் என்னும் ரப்பர் சவ்வு உள்ள கார்புரேட்டரானால் அதில் ஊசித்துளை இருக்கிறதா என்பது, இவையும் சரியாக இருந்த பிறகே ஜெட்டின் முறை வருகிறது. அந்த இளைஞரின் வண்டியில் ஓ-ரிங்கை மாற்றிப் பழைய மெயின் ஜெட்டைப் போட்டோம். அதற்குப் பின் பைலட் ஜெட்டை ஒரே ஓர் அளவு கூட்டியது போதுமானதாக இருந்தது.

கிளிப்பைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது

ஊசியின் மேல்முனையில் சில பள்ளங்கள் உண்டு, அவற்றுள் ஒன்றில் மாட்டிய கிளிப்தான் ஊசியைத் தாங்குகிறது. கிளிப்பைக் கீழ்ப் பள்ளத்துக்கு இறக்கினால் ஊசி மேலே ஏறும், பெட்ரோல் கூடும்.

எல்லா ஸ்க்ரூவும் ஒன்றே என்று எண்ணுவது

கார்புரேட்டரில் ஐட்லிங் கலவையைச் சரிசெய்யும் ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால், அது பெரும்பாலும் காற்றைக் கட்டுப்படுத்துவது. அதை வெளியே திருகினால் கலவை லீன் ஆகும், அதாவது பெட்ரோல் குறையும். எஞ்சின் பக்கம் இருப்பது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது. அதை வெளியே திருகினால் ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் கூடும். எது எங்கே இருக்கிறது என்று பார்க்காமல், இன்னொருவர் சொன்ன 'ஒன்றரைச் சுற்று' என்பதைத் தம் வண்டியில் செய்துவிட்டுக் குழம்புபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பெட்ரோல் ஸ்க்ரூ மூன்று சுற்றைத் தாண்டினால்தான் ஐட்லிங் சீராகிறது என்றால், பைலட் ஜெட் சிறியது.

ஜெட்டைத் துளையிட்டுப் பெரிதாக்குவது

செய்யாதீர்கள்.

எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது

கெய்ஹின், மிக்குனி இரண்டும் கார்புரேட்டர் செய்யும் நிறுவனங்கள். கெய்ஹின் ஜெட்டின் எண் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் குறிக்கிறது. மிக்குனியின் அறுகோணத் தலை மெயின் ஜெட்டில் அது பெட்ரோல் பாயும் அளவைக் குறிக்கிறது. இரண்டிலும் 100 என்று பொறித்திருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போடக் கூடாது.

ஒரே நேரத்தில் இரண்டை மாற்றுவது

ஒன்றை மாற்றுங்கள், ஓட்டுங்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

ஐட்லிங்கில் நின்ற வண்டியின் பிளக்கைப் பார்த்து மெயின் ஜெட்டை முடிவு செய்வது

அப்போது பிளக்கில் படிந்திருப்பது பைலட் ஜெட்டின் கரி. மெயின் ஜெட்டைச் சோதிக்க, போக்குவரத்து இல்லாத நேர்ச்சாலையில் முழு ஆக்சிலரேட்டரில் சில நொடிகள் ஓட்டி, கைப்பிடியைச் சற்றே, எட்டில் ஒரு பங்கு மட்டும், மூடுங்கள். அந்தக் கணத்தில் வண்டி முன்னைவிட வேகம் பிடித்தால் ஜெட் சிறியது, எஞ்சினைக் காக்க உடனே ஒரு படி கூட்ட வேண்டும். லேசாகத் தளர்ந்தால் அளவு சரி. முழுதாகத் திறந்திருக்கும்போதே எஞ்சின் கனத்து, விட்டுவிட்டு வெடித்தால் ஜெட் பெரியது.