நோட்டின் நடுவே ஒரு கோடு

மன்னார் வளைகுடா பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர்கள் பலர் 1986, 1989 இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். முன்னது கடல்சார் தேசியப் பூங்காவுக்குரியது. பின்னது உயிர்க்கோளக் காப்பகத்துக்குரியது. எந்த நூல், எந்தப் பக்கம் என்று குறிக்காமல் ஆண்டை மட்டும் எழுதிவைப்பதால் வரும் வினை இது.

நோட்டின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் நூலின் வரி, மேற்கோள் குறிக்குள், பக்க எண்ணோடு. பிறகு நூலை மூடிவிட்டு, அதையே வலப்பக்கத்தில் உங்கள் சொற்களில் எழுதுங்கள். மூடுவது முக்கியம், திறந்திருந்தால் ஆசிரியரின் வாக்கியம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். வலப்பக்கத்துக்கும் பக்க எண் வேண்டும்.

பாம்பன் கரையில் பாசி எடுக்கும் அக்கா சொல்வதும் சான்றுதான். அனுமதி கேளுங்கள், நாளையும் ஊரையும் குறியுங்கள். அவர் ஒரு பாசியை ‘மரிக்கொழுந்து’ என்றால் அப்படியே எழுதி, அறிவியல் பெயரைப் பக்கத்தில் சேருங்கள்.